ஒற்றை நிகழ்வின் அதிர்ச்சியும் நீடித்த வதையின் காயமும்

குழந்தைகளுக்கு ஏற்படும் உளக்காயங்களை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் லெனோர் டெர், எதிர்பாராமல் ஒருமுறை நேர்வதை முதல் வகை என்றும், திரும்பத் திரும்ப நேர்வதை இரண்டாம் வகை என்றும் 1991-இல் பிரித்தார்.

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய சுனாமி முதல் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு. அதில் தப்பியவருக்கு அந்தக் காலைப்பொழுது துல்லியமாக நினைவில் நிற்கலாம். அதற்கு முந்தைய வாழ்க்கை ஒன்று இருந்ததும் அவருக்குத் தெரியும்.

இரண்டாம் வகையில் அந்த 'முன்பு' பெரும்பாலும் இருப்பதில்லை. குடித்துவிட்டு வரும் தந்தை வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசையிலிருந்தே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணிக்கப் பழகிய குழந்தை, வளர்ந்த பின்னும் அடுத்தவரின் முகக்குறிப்பையே கவனித்துக்கொண்டிருக்கும். அடிவாங்கியது தன் தவறால்தான் என்றும் நம்பும். ஊரார் இதை 'கூச்ச சுபாவம்' என்று கடந்துவிடுவது, என் பார்வையில், பெரிய அநீதி.

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு, நிகழ்வு மனக்கண்ணில் மீளுதல், நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், ஓயாத அபாய உணர்வு ஆகியவற்றைப் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலக் கோளாறு), சிக்கலான பிடிஎஸ்டி ஆகிய இரண்டுக்கும் பொதுவாக்கி, உணர்ச்சிக் கட்டுப்பாட்டின் சிதைவு, தன்னிழிவு, உறவுச் சிக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதைச் சிக்கலான பிடிஎஸ்டி எனத் தனியே குறிக்கிறது. அமெரிக்காவின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 அவ்வாறு பிரிப்பதில்லை. ஆயினும் நோயை முடிவுசெய்வது நிகழ்வின் வகையன்று, அறிகுறிகளே. ஒற்றை நிகழ்வும் சிலருக்குச் சிக்கலான வடிவத்தைத் தரக்கூடும்.