உப்புக்காற்றும் ஸ்பீக்கர் வயரும்: ஒன்பது வருட அனுபவம்

2019 கடைசியில் என் ஸ்பீக்கர் வயரை மாற்றினேன். பழையது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மீற்றர் கணக்கில் வெட்டி வாங்கிய சாதாரணச் செம்பு வயர். புதியதின் விலை அதைவிட இருபது மடங்கு. மாட்டிப் பாட்டைப் போட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. சில மாதமாக இடப்பக்கம் மங்கிக் கிடந்த குரல் நடுவுக்கு வந்து நின்றது, தம்புராவின் ரீங்காரம் விட்டுவிட்டுக் கேட்காமல் தொடர்ந்து ஓடியது. அன்றிரவே இரண்டு நண்பர்களுக்குப் போன் எடுத்து, வயரில் விஷயம் இருக்கிறது என்று சொன்னேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு பழைய வயரைச் சுருட்டும்போதுதான் அதன் நுனியைப் பார்த்தேன். பச்சை பூத்திருந்தது. எங்கள் வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு உட்பக்கத்து லேன் ஒன்றில் மூன்றாம் மாடி. ரயில் பாதையைத் தாண்டினால் கடல். இங்கே யன்னல் கம்பி, கதவுப் பூட்டு, மின்விசிறித் திருகாணி எல்லாமே உப்புக்காற்றில் கறுக்கும், துருப்பிடிக்கும். ஸ்பீக்கர் வயர் மட்டும் தப்புமா? நுனியில் அரை அங்குலம் வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி, ஸ்பீக்கரின் பின்பக்க முனைகளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பழைய வயரையே திரும்ப மாட்டினேன். புதியதில் கேட்ட அதே தெளிவு. நான் இரண்டு வயர்களை ஒப்பிடவேயில்லை. பச்சை பூத்த இணைப்பையும் சுத்தமான இணைப்பையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

வித்தியாசம் உண்மையாகவே கேட்டது. அதற்கு நான் சொன்ன காரணம்தான் பிழை. ஒலிச் சாதனங்களில் காசு செலவழிக்கும் பலருக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். புதுச் சாமானை மாட்டும்போது பழையதைக் கழற்றுகிறோம், தூசி தட்டுகிறோம், இணைப்பை இறுக்குகிறோம், ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்துகிறோம். எது எதை மாற்றியது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எதையும் பார்க்காமல் கேட்டுத்தான் முடிவு செய்வது என்று வைத்துக்கொண்டேன். முதலில் சோதித்தது டாக். எண்களாக இருக்கும் டிஜிட்டல் ஒலியை, அம்ப்ளிஃபயருக்கு ஏற்ற தொடர் மின் அலையாக, அதாவது அனலொக் ஆக்கித் தரும் சின்னப் பெட்டி அது. நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தேன். என் சீடி பிளேயரில், தானே மாற்றித் தரும் அனலொக் வழியும் உண்டு, டிஜிட்டலை ஒளியாக அனுப்பும் ஒப்டிகல் வழியும் உண்டு. அனலொக் வழியை நேராக அம்ப்ளிஃபயரில் ஓர் இடத்திலும், ஒப்டிகல் வழியை டாக் ஊடாக இன்னோர் இடத்திலும் மாட்டினால், ஒரே சீடி இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் ஓடும். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மற்றதற்கு மாறும்.

இங்கே கவனிக்க வேண்டியது சத்த அளவு. நூறு ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பார்த்தேன். டாக் ஏறக்குறைய ஒன்றரை டெசிபெல் கூடுதலாக இருந்தது. அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது ‘சத்தம் கூட’ என்று சொல்லாது. ‘தெளிவு கூட, உயிர் கூட’ என்றுதான் சொல்லும். டாக்கின் வொலியூமைக் குறைத்து இரண்டையும் 0.1 டெசிபெலுக்குள் கொண்டுவந்தேன். வோல்டில் அது ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும் வித்தியாசம், அவ்வளவுதான்.

மகள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து ரிமோட்டை அழுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எதுவென்று சொன்னேன். பதினாறு முறை. குறைந்தது பன்னிரண்டு முறை சரியாக வந்தால் நம்பலாம்; வெறும் ஊகத்தில் அவ்வளவு வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கூட இல்லை.

“அப்பா, ஒன்பதுதான் சரி,” என்றாள்.

ஒன்பது என்பது நாணயத்தைச் சுண்டினாலே வரக்கூடிய கணக்கு. அடுத்த ஞாயிறு திரும்பச் செய்தோம், ஏழு வந்தது. இரண்டு முறையும் உட்காரும்போது, எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். அந்த நிச்சயம் அவ்வளவு முழுமையாக இருந்ததால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2007இல் மேயர், மோரன் என்ற இருவர் இதே மாதிரிப் பார்க்காமல் கேட்கும் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். உயர்தெளிவு ஒலிப்பதிவை அப்படியே ஒரு முறையும், சீடித் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி ஒரு முறையும் கேட்க வைத்தார்கள். 554 சோதனைகளில் சரியாகச் சொன்னது 276, பாதிக்குச் சற்றுக் குறைவு. எங்கள் ஹோலைப் பொறுத்தவரை இதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடத் தேவையில்லை. யன்னல் திறந்திருக்கும், மின்விசிறி ஓடும். அந்த நிலையில் அளந்தால் 45 டெசிபெல் வரும். சீடி தாங்கக்கூடிய மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி 96 டெசிபெல். 45இன் மேல் 96ஐ ஏற்றினால் 141. காது வலிக்கும் எல்லையையும் தாண்டிவிடும். சீடியின் இடைவெளியையே இந்த ஹோலில் முழுதாகப் பயன்படுத்த முடியாது. பிட் கூடினால் கூடுவது இந்த இடைவெளிதான்; உயர்தெளிவுப் பதிவின் இருபத்துநான்கு பிட் இங்கே என்ன செய்யப் போகிறது? மாத்தறைப் பக்கம் போகும் ரயில் கடக்கும்போது அறையின் இரைச்சல் 45ஐயும் தாண்டிவிடும்.

அம்ப்ளிஃபயர் கதை சுருக்கமானது. இருபது வாட்டிலிருந்து அறுபது வாட்டுக்கு மாறினேன். வாட் இரட்டித்தால் மூன்று டெசிபெல்தான் கூடும். மும்மடங்காக்கினால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு அடி தூரத்தில், அயலவருக்குத் தொந்தரவில்லாத அளவில் கேட்கும் எனக்கு ஒன்றிரண்டு வாட்டே பெரும்பாலும் காணும். சத்தத்தைச் சமன் செய்து மாற்றிக் கேட்டபோது, எது எதுவென்று வீட்டில் ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. பெரிய ஹோல், அதிக வாட் கேட்கும் ஸ்பீக்கர் என்றால் கதை வேறு.

ஸ்பீக்கர் அப்படியில்லை. 2016இல் பழைய மினி செட்டின் பெட்டிகளை எடுத்துவிட்டு வார்ஃபடேல் டயமண்ட் 220 சோடியை வைத்த அன்று, பார்க்காமல் கேட்கச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. சமையலறையிலிருந்து மனைவி, “என்ன, ஆட்கள் வந்து பாடுகிற மாதிரி இருக்கு,” என்றார். நாதஸ்வரத்தின் கரகரப்பு வந்தது. தவிலின் இரு முகங்களான வலந்தலையும் தொப்பியும் தனித்தனியே விழுந்தன. ஆடிவேல் காலத்தில் கோயில் வாசலில் பக்கத்தில் நின்று கேட்கும் வாத்தியம் அது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதுவும் குறைந்ததுதான், ஆனால் குடும்பச் சாயல் தெரிந்தது.

பிறகு 2022 தொடக்கத்தில் இன்னும் பெரிய ஸ்பீக்கருக்குக் காசு சேர்த்து வைத்திருந்தேன். மார்ச்சுக்கு முன் 200 ரூபாயைச் சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த ஆசை அத்தோடு போனது. மின்வெட்டு நேரங்களில் இருட்டில் இருந்து அந்த ஹோலையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மாற்ற வேண்டியது அறையா என்று யோசித்தேன்.

சீமெந்துச் சுவர், தரைக்கு டைல்ஸ். கைதட்டினால் ஓசை திரும்பி வரும். நீளம் பன்னிரண்டு அடி. அந்த நீளத்துக்கு ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 94இலும் ஒலி இரு சுவரிலும் மோதித் திரும்பிக் கட்டி நிற்கும். சோபா சுவரோடு ஒட்டி இருந்தது. இரண்டு ஒலியும் அதிகம் குவியும் இடமே அதுதான். மிருதங்கத்தின் தொப்பி அடிகள் ஒன்றோடு ஒன்று குழம்பியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அறையின் நீளத்தில் காற்பங்கு, அதாவது மூன்று அடி, சோபாவை முன்னே இழுத்தேன். அந்த இடத்தில் 94 ஏறக்குறைய அடங்கிவிடும்.

“நடக்க இடம் விடுங்கோ,” என்றார் மனைவி. அதுவும் நியாயம்தான். பின்னால் வந்த இடைவெளியில் புத்தக அலுமாரியை வைத்தோம், இப்போது எல்லாரும் மற்றப் பக்கத்தால் நடக்கிறார்கள். கெய்சர் வீதியில் தடித்த துணி எடுத்து யன்னலுக்கும் எதிர்ச் சுவருக்கும் திரை தைத்தோம். கம்பளம் போடவில்லை, இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இவ்வளவுக்கும் செலவு அந்த டாக்கின் விலையில் கால்வாசி வரவில்லை. ஆனால் ஸ்பீக்கருக்கு அடுத்தபடியாக இந்த வீட்டில் கேட்ட பெரிய மாற்றம் இதுதான். தொப்பி அடிகளை இப்போது எண்ணலாம்.

டாக் பெட்டியைப் போன மாதம் விற்றேன். வாங்க வந்த தம்பி பம்பலப்பிட்டியில் இருப்பவர். காசை வாங்குமுன் ஒன்பதையும் ஏழையும் சொன்னேன், சத்தக் கணக்கையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அண்ணை, எனக்குத் தெளிவு வேண்டாம். கம்ப்யூட்டரை அம்ப்பில மாட்டினா ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். அதுதான் போகவேணும்,” என்றார். கம்ப்யூட்டரின் எர்த் வயர் வழியாக வரும் இரைச்சல் அது. இந்தப் பெட்டிக்கு ஒப்டிகல் வழி இருப்பதால், இடையில் உலோகத் தொடர்பு அறுந்து இரைச்சலும் நின்றுவிடும். எடுத்துக்கொண்டு போனார். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தார்: இரைச்சல் இல்லை.