லிட்ச்ஃபீல்ட் அருவி டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

நேற்று இரவுதான் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கிற டார்வினிலிருந்து மெல்பர்ன் திரும்பினோம். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. 756 டாலர் போன எரிச்சலில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, அப்பா, நான், என் வீட்டுக்காரர். டார்வின் பக்கத்தில் இருக்கிற லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் வேன் டூர், ஆளுக்கு 189. சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு இணையதளத்தில் புக் செய்தோம். பெயரைப் போடவில்லை, பிரச்சினை முடியட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால்தான் அந்தப் பூங்காவில் 'வாங்கி' (Wangi) என்ற அருவியைத் தேடிப் பிடித்தேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர் வரைக்கும் சமதளப் பாதை, பெரியவர்கள் பிடித்துக்கொண்டு இறங்கலாம். அங்கே மழைக்காலம் முடிகிற ஏப்ரல் மாதம் என்பதால் எனக்குச் சந்தேகம் இருந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் ஆற்றிலிருந்து உப்புநீர் முதலை உள்ளே வந்துவிடும். பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் ரேஞ்சர்கள் தேடிப் பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகுதான் குளிக்க விடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே டூர்க்காரருக்குப் போன் போட்டு இதையே கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: வாங்கி திறந்திருக்கிறது, நேற்றுகூட ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனோம், உங்கள் அம்மாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அம்மாவின் முழங்காலைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்தார். அந்த அக்கறைக்குத்தான் 756 டாலர் கட்டினேன்.

காலை ஆறரைக்கு வர வேண்டிய வேன் ஒன்பது மணிக்கு வந்தது. ஏறி உட்கார்ந்ததும் பூங்கா பாஸுக்கு ஆளுக்கு 10 டாலர் கேட்டார் டிரைவர். கட்டணத்தில் பாஸும் சேர்த்தி என்று போட்டிருந்தார்கள். காட்டினேன். "அது பழைய பக்கம்" என்றார். இன்னொரு 40 போயிற்று.

முதலில் கரையான் புற்று. வடக்கு தெற்காகச் சுவர் மாதிரி வரிசையாக நிற்கும், பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே முக்கால் மணி நேரம் டிரைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் அருவியில் கொடுத்ததோ அரை மணி. சுமார் 160 படி இறங்கி ஏற வேண்டிய இடம் அது. "எனக்கு வேண்டாம்டி, நீங்க போயிட்டு வாங்க" என்று அம்மா மேலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் காலை நனைத்தோமோ இல்லையோ, ஹாரன். வாங்கியில் ஆசைதீரக் குளிக்கலாம், வாருங்கள் என்றார். குளிக்கக்கூடிய இன்னொரு இடமான பியூலி ராக்ஹோலில் வண்டியை நிறுத்தவே இல்லை.

வாங்கி போனால் குளிக்கத் தடை போட்டு அடைத்திருக்கிறது. முந்தின நாள் அடைத்ததல்ல. அந்தப் பருவத்தில் இன்னும் திறக்கவே இல்லை என்று அங்கிருந்த ரேஞ்சரே சொன்னார். ரேஞ்சர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2023 ஜூலையில் இதே குளத்தில் ஒருவரை முதலை கடித்திருக்கிறது, அடைத்து வைப்பதுதான் சரி. திறந்திருக்கிறது என்று சொல்லிக் காசு வாங்கினவனைத்தான் கேட்கிறேன்.

அதற்குப் பதிலாக அவர்கள் காட்டியது டால்மர் அருவி. அங்கே குளிக்கவே முடியாது! வௌவால்களின் குகைகளைப் பாதுகாக்க அருவியடிக்குப் போக விடுவதில்லை, மேடையில் நின்று எட்டத்திலிருந்து பார்க்கலாம். அப்பா நீச்சல் டிராயரோடு அந்த மேடையில் நின்றார்.

திரும்பி வந்து டூர்க்காரருக்குப் போன் போட்டால், "இயற்கைக் காரணம், பணம் திரும்பாது. இணையதளத்தில் கேளுங்கள்." அங்கே கேட்டால், "சேவை கொடுத்தது டூர்க்காரர், அவரிடம் கேளுங்கள்." மறுபடி அவருக்கு அடித்தால் எடுக்கவில்லை. இணையதளத்திலிருந்து கடைசியாக ஒரு மெயில்: உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், அடுத்த புக்கிங்கில் 5 சதவீதம் தள்ளுபடி. 756 டாலருக்கு ஐந்து சதவீதம்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: எந்த அருவி திறந்திருக்கிறது என்பதை நார்தர்ன் டெரிட்டரி அரசின் பூங்கா பக்கத்தில் மட்டும் பாருங்கள், டூர்க்காரர் வாயை நம்பாதீர்கள். பாஸை அரசுத் தளத்தில் நீங்களே வாங்குங்கள். வாங்கி வரைக்கும் தார் ரோடுதான், டார்வினிலிருந்து ஒன்றரை மணி நேரம், வாடகைக் காரே போதும். கட்டாயம் டூர்தான் என்றால் கார்டில் கட்டுங்கள். "வாங்கி திறந்திருக்கிறது" என்பதை மெயிலில் எழுதி வாங்குங்கள். போனில் சொன்னதற்கு அத்தாட்சி கிடையாது. என்னிடம் இருப்பது "குளியல் உண்டு" என்று அவர்கள் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான். அதை வைத்து, கட்டின பணத்தைத் திரும்பக் கேட்டு இன்று காலை பேங்கில் டிஸ்பியூட் போட்டிருக்கிறேன், நுகர்வோர் துறைக்கும் புகார் போயிருக்கிறது.