குமிழைத் திருப்புவதா, பிரதியை ஏற்றுவதா: ஆம்ப்ளிட்யூபும் நியூரல் ஆம்ப் மாடலரும்

கிதார் ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கணினியில் தரும் எந்த ஆம்ப் மென்பொருளைத் திறந்தாலும் நான் முதலில் செய்வது ஒன்றுதான். கிதாரின் வால்யூம் குமிழைப் பத்திலிருந்து நான்குக்கு இறக்கி, அதே கார்டை மறுபடி வாசிப்பேன். நல்ல வால்வு ஆம்ப் என்றால் கரகரப்பு வடிந்து, தந்தியின் தெளிவு மேலே வரும். இந்தச் சோதனையில், ஆம்ப்ளிட்யூபைவிட என் காதுக்கு நியூரல் ஆம்ப் மாடலர்தான் ஜெயிக்கிறது.

காரணம் அது வேலை செய்யும் விதம். 2002-இல் வந்த ஆம்ப்ளிட்யூப், இத்தாலியின் ஐகே மல்டிமீடியா தயாரிப்பு. ஆம்ப்பின் சர்க்யூட்டைப் பகுதி பகுதியாகக் கணக்கில் எழுதுகிற வழி அதனுடையது. ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய மாடலரோ உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்ப்பதில்லை. சில நிமிடச் சோதனை ஒலியை நிஜ ஆம்ப்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிவு செய்து கொடுத்தால், போனதற்கும் வந்ததற்கும் உள்ள உறவை நியூரல் நெட்வொர்க் கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்றதைச் சேமித்த கோப்புதான் அந்த ஆம்ப்பின் பிரதி. இலவசம், திறந்த மூலம் வேறு.

ஆனால் பெரும்பாலான பிரதிகள் குமிழ்களின் ஒரே ஒரு நிலையைத்தான் பிடித்து வைத்திருக்கும். திரையில் பேஸ், மிடில், ட்ரெபிள் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. அவை ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் சாதாரண ஈக்யூ, அந்த ஆம்ப்பின் சொந்தக் குமிழ்கள் அல்ல. கெயின், அதாவது கரகரப்பைக் கூட்டும் குமிழ், கொஞ்சம் குறைவாக எடுத்த ஒலி வேண்டுமென்றால் வேறு பிரதியைத் தேட வேண்டும். எக்கோ, ரிவெர்பையும் அது பிடிக்காது. அவற்றுக்குத் தனி பிளக்இன் (துணை மென்பொருள்) போட வேண்டும். ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் ஹெட்டை மட்டும் எடுத்த பிரதியோடு, கேபினட் என்னும் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த ஐஆர் கோப்பைச் சேர்க்க மறந்தால், காதுக்குள் குளவி பறப்பது போல் இருக்கும்.

ஆம்ப்ளிட்யூபில் இதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. மைக்கை மௌஸால் பிடித்து ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். கூர்மை தணிவது உடனே கேட்கும். இதற்காகவே, புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். முழுப் பதிப்புக்குக் காசு வேண்டும்; பழகிப் பார்க்க இலவசப் பதிப்பு போதும்.

தந்தியைத் தட்டுவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம் இரண்டுக்கும் பொதுப் பிரச்சினை. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது, பஃபர் (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் மாதிரிகள்) 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செகண்ட். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மூன்றடி தள்ளி உட்கார்ந்த மாதிரி. பழைய மடிக்கணினியில் மாடலர் திணறினால் பஃபரை 512-க்கு ஏற்றாதீர்கள், விரலுக்கும் ஒலிக்கும் இடைவெளி விழும். அதற்குப் பதில் கணினிக்குச் சுமை குறைவான லைட் வகைப் பிரதிகளைத் தேடுங்கள்.

அப்புறம், கிதாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில், கிதாருக்கான ஹை-இசட் இன்புட்டில்தான் செருகுகிறீர்களா என்று பாருங்கள். லைன் இன்புட்டில் செருகினால் ட்ரெபிள் மழுங்கி, இரண்டுமே உயிரில்லாமல் ஒலிக்கும்.

எனக்கு வேண்டிய ஒலி எதுவென்று தெரிந்துவிட்டதால், ரெக்கார்டிங்குக்கு இப்போது மாடலரைத்தான் திறக்கிறேன்.