ஒன்பது ஆண்டுகளாக ஒரே 150 மி.மீ.: 4×5 கேமராவில் ஸ்டாண்டர்டு லென்ஸ் அனுபவம்

காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளின் முகப்புகளையும் வளவுகளையும் (உள்முற்றப் பகுதிகளையும்) 4×5 அங்குல ஷீட் ஃபிலிமில், அதாவது ஒரு படத்துக்கு ஒரு தாளாக வரும் ஃபிலிமில், எடுத்து வருகிறேன். தொடங்கி பத்து ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு தவிர மற்ற ஒன்பது ஆண்டுகளும் என் கேமராவில் இருந்தது ரோடென்ஸ்டாக் சிரோனார்-என் 150 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ்தான். புதிதாக லார்ஜ் ஃபார்மேட்டுக்கு (இத்தகைய பெரிய ஃபிலிம் கேமராக்களுக்கு) வருபவர்கள் முதலில் கேட்பது "எது ஷார்ப்பான லென்ஸ்?" என்பதையே. நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் லென்ஸ் எவ்வளவு பெரிய வட்டத்துக்குப் படத்தை விழச் செய்கிறது என்பதையும், அதன் ஷட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஃபிலிமின் மூலைவிட்டத்துக்கு ஏறக்குறையச் சமமான குவியத் தொலைவு கொண்டதே ஸ்டாண்டர்டு லென்ஸ். 4×5 அங்குலம் என்று சொன்னாலும், ஃபிலிமை வைக்கும் ஹோல்டரின் விளிம்புகள் மறைப்பது போக ஒளி படும் பரப்பு சுமார் 95×120 மி.மீ. அதன் மூலைவிட்டம் 153 மி.மீ. ஆகவே 150 மி.மீ. லென்ஸ்தான் இந்த அளவுக்கு இயல்பானது. நான் முதலில் வாங்கியதும் 150 மி.மீ. லென்ஸ்தான். நான்கு கண்ணாடிகள் கொண்ட டெஸார் வகையைச் சேர்ந்த அந்தப் பழைய லென்ஸ், எடை குறைவாகவும் விலை மலிவாகவும் இருந்தது. நேராக வைத்து எடுத்தால் மிக நல்ல படமும் கொடுத்தது.

சிக்கல் ஒரு மாடி வீட்டின் முன் தெரிந்தது. கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும் என்பதால், பின்பகுதியைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு லென்ஸ் பலகையை மட்டும் 20 மி.மீ. உயர்த்தினேன். கறுப்புத் துணிக்குள் தலைகீழாகத் தெரிந்த வீடு முழுமையாகத்தான் இருந்தது. பிரிண்ட் போட்டபோது வானத்தின் இரண்டு மூலைகளும் கறுத்திருந்தன. அந்த லென்ஸின் படவட்டம், அதாவது அது படத்தை விழச் செய்யும் வட்டத்தின் விட்டம், 173 மி.மீ. தான், செங்குத்தாக வைத்த ஃபிலிமில் அதைக்கொண்டு 12 மி.மீ.க்கு மேல் உயர்த்த இயலாது. ஆறு கண்ணாடிகள் கொண்ட பிளாஸ்மாட் வகையான சிரோனார்-என், அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையை) எஃப்/22 அளவுக்குச் சுருக்கினால் 214 மி.மீ. படவட்டம் தருகிறது. அதே ஃபிலிமில் ஏறக்குறைய 36 மி.மீ. உயர்த்தலாம். காகிதத்தில் 24 மி.மீ. அற்ப வேறுபாடாகத் தோன்றும். வீட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கும்போது, 12 மி.மீ. உயர்த்தினால் சட்டகம் 1.2 மீட்டர்தான் மேலே நகர்கிறது, 36 மி.மீ. உயர்த்தினால் 3.6 மீட்டர் நகர்கிறது. மேல்மாடிக் கைப்பிடிச் சுவரின் சுதைச் சிற்பங்கள் படத்தில் அடங்குவதும் அடங்காமல் போவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

படம் விழுவதைப் பார்க்கும் பின்பக்கக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் நான்கு மூலைகளும் சிறிது வெட்டப்பட்டிருப்பது ஏன் என்பதை அன்றைக்குப் பிறகே அறிந்துகொண்டேன். அந்த வெட்டு வழியாக ஒற்றைக் கண்ணால் லென்ஸைப் பார்க்க வேண்டும். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கையில், உயர்த்தப்பட்ட லென்ஸின் துளை பாதி மூடிய கண்ணைப் போல் ஒடுங்கித் தெரியும். அப்பர்ச்சரைச் சுருக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் அந்த ஒடுக்கம் நீங்கி, துளை முழு வடிவில் தெரியும். அப்போது அந்த மூலைக்குத் தடையின்றி ஒளி போகிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் நான் இப்போது ஹோல்டரைச் செருகுவதில்லை.

கூர்மையைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். ஒரே நிலைக்கதவை, ஒரே டிரைபாடில் வைத்து, எஃப்/22இல் என் லென்ஸாலும் இரவல் வாங்கிய ஷ்னைடர் சிம்மார்-எஸ் 150 மி.மீ. லென்ஸாலும் எடுத்து, நெகட்டிவ்களை லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தேன்; எது எந்த லென்ஸில் எடுத்தது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நிக்கார்-டபிள்யூ, ஃபுஜினான்-டபிள்யூ ஆகியவையும் இதே பிளாஸ்மாட் குடும்பத்தவைதான். உயரமான கட்டடங்களையே தொடர்ந்து எடுப்பவர்கள் 231 மி.மீ. படவட்டம் தரும் அப்போ-சிரோனார்-எஸ் லென்ஸுக்குக் கூடுதலாகச் செலவிடலாம். மற்றவர்கள் இந்த நான்கில் ஷட்டர் நன்றாக இருப்பதை எடுத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து.

ஷட்டர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் லென்ஸில் ஒரு நொடிக்கு வைத்தால் ஷட்டர் ஒன்றரை நொடிக்கு மேல் திறந்திருந்தது. எண்ணெய் பல ஆண்டுகளாக இறுகிப்போயிருந்ததே காரணம். அதை அறியாமல் எடுத்த பதினாறு ஷீட்களும் அடர்ந்து கறுத்த நெகட்டிவ்களாயின. பழைய லென்ஸ் வாங்கும்போது, கைபேசியில் ஒலியைப் பதிவு செய்து, திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடையே உள்ள நேரத்தை அளந்து பாருங்கள். 1 நொடி முதல் 1/15 நொடி வரையிலான வேகங்களைத்தான் கவனமாகச் சோதிக்க வேண்டும். வளவுக்குள் எஃப்/22இல் பெரும்பாலும் அந்த வேகங்களே வேண்டியிருக்கும். அதற்கும் மேல் போனால் நான் ஷட்டரைத் திறந்துவைத்துக் கைக்கடிகாரம் பார்த்துத்தான் மூடுகிறேன். நீண்ட நேரம் ஒளி படும்போது ஃபிலிமின் உணர்திறன் குறைவதால், எஃப்பி4 பிளஸ் ஃபிலிமில் மீட்டர் 4 நொடி காட்டினால் 6 நொடி கொடுக்கிறேன்.

இந்த லென்ஸுக்கு என்னால் நேர்ந்த தீங்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டு ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடாமல் பெய்ததால், கேமராப் பையைத் திறக்காமல் அலமாரியிலேயே வைத்திருந்தேன். மார்கழியில் எடுத்துப் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி இழை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. இவ்வகை லென்ஸ்களில் முன்பின் கண்ணாடித் தொகுதிகள் இரண்டையும் கையாலேயே திருகிக் கழற்றலாம். பூஞ்சை ஷட்டரை ஒட்டிய வெளிப்பரப்பில் இருந்ததால் துடைத்து எடுக்க முடிந்தது. கண்ணாடிகளுக்கு நடுவே இருந்திருந்தால் முடிந்திருக்காது. பூச்சில் மங்கலான ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது, படத்தில் தெரிவதில்லை. கழற்றும்போது தொகுதிக்கும் ஷட்டருக்கும் இடையே மெல்லிய உலோக வளையம் இருந்தால், அதைத் தவறவிடாமல் அதே இடத்தில் வைக்க வேண்டும். கண்ணாடிகளின் இடைவெளியைக் காப்பது அதுதான். அன்று முதல் லென்ஸ் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் இருக்கிறது, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து ஷட்டரையும் இயக்கிப் பார்க்கிறேன்.

150ஆ, 210ஆ என்ற கேள்விக்கு வருகிறேன். 210 மி.மீ. லென்ஸையே தம் ஸ்டாண்டர்டாக வைத்திருப்பவர்கள் பலர், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நண்பர் ஒருவரின் 210 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ் தை முதல் ஆனி வரை ஆறு மாதம் என்னிடம் இருந்தது. 150இன் ஷட்டர் 0 எண் அளவு, பலகையில் 34.6 மி.மீ. துளை போதும், 210க்கு 1 எண் அளவு, 41.6 மி.மீ. துளை. எடையும் கையில் நன்றாகவே உணரப்படுகிறது. ஆனால் எனக்கு இடைஞ்சலாக இருந்தது இடநெருக்கடி. வளவில் 6 மீட்டர் தள்ளி நின்றால் 150 மி.மீ. லென்ஸ் சுமார் 4.7 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும், 210 மி.மீ. சுமார் 3.3 மீட்டரைத்தான் பிடிக்கும். இரண்டு தூண்களுக்குப் பதில் ஒன்றரைத் தூண் கிடைக்கும். நிலைக்கதவின் செதுக்கலை ஃபிலிமில் அதன் இயல்பான அளவிலேயே எடுக்க 150 மி.மீ. லென்ஸுக்கு 300 மி.மீ. பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே நீளும் மடிப்புத் துருத்தி) வேண்டும். என் கேமரா நீள்வது சரியாக அவ்வளவுதான். அங்கே இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளி, அதாவது வழக்கத்தைப் போல் நான்கு மடங்கு ஒளி, கொடுத்தால் போதும். 210க்கு 420 மி.மீ. தேவைப்படுவதால் அதை முயலவே வழியில்லை.

முகப்படத்தில் மட்டும் 210 என்னை வென்றது. அந்த வீடுகளில் ஒன்றில் வசிக்கும் ஆச்சி ஒருவரைத் தோள் வரை, நான்கில் ஒரு பங்கு அளவில் இரண்டு லென்ஸ்களாலும் எடுத்தேன். 150 மி.மீ. லென்ஸ் அவர் முகத்திலிருந்து 75 செ.மீ. தொலைவில் நிற்க வேண்டியிருந்தது. 210க்கு 105 செ.மீ. அருகில் எடுத்ததில் மூக்கும் நெற்றியும் முன்னே துருத்தி, காதுகள் பின்வாங்கின. தள்ளி நின்று எடுத்ததில் ஆச்சி ஆச்சியாகவே இருந்தார். முகப்படமே உங்கள் முதன்மை வேலை என்றால், தயங்காமல் 210 வாங்குங்கள்.

நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது 150 மி.மீ. லென்ஸை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தேன். அந்தத் தொலைவில் சட்டகத்தின் உயரம் 1 மீட்டருக்குச் சற்று மேல். "ஆச்சி, கையை மடியிலேயே வச்சுக்கிட்டு அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு, ஃபிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவினேன். முகத்தோடு கைகளும், வெற்றிலைப் பெட்டியும், முதுகுக்குப் பின்னே நிலைக்கதவின் கீழ்ப்பாதியும் அந்தப் படத்தில் இருக்கின்றன. அதன்பின் மனிதர்களை நான் அந்தத் தொலைவிலிருந்தே எடுத்து வருகிறேன்.