மார்ஷல் ஜேவிஎம்410ஹெச்: கிருஷ்ணகிரி மேடைக்குச் சரிவருமா?

இது மார்ஷலின் வால்வு கிட்டார் ஆம்ப் ஹெட், அதாவது ஸ்பீக்கர் தனியாக மாட்ட வேண்டிய ஆம்ப். 100 வாட், நாலு சேனல்: கிளீன், கிரஞ்ச், ஓடி1, ஓடி2 (ஓடி என்றால் ஓவர்டிரைவ்). ஒவ்வொன்றிலும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலை. ஆக 12 தொனி. ரிவெர்ப் (எதிரொலி) அளவைச் சேனலுக்குச் சேனல் தனியாக வைக்கலாம். காலால் சேனல் மாற்றும் ஃபுட்ஸ்விட்சுக்குச் சாதாரண கிட்டார் கேபிளே போதும்.

இதன் உயிர் கிரஞ்ச் சேனல்தான். ஆரஞ்சில் மார்ஷலின் பழைய ஜேசிஎம்800 ஆம்பின் கரகரப்பு வரும். கிட்டாரில் வால்யூமைக் குறைத்தாலே ஒலி தெளிந்துவிடும், சேனல் மாற்றவே வேண்டாம். ஓடி2-இல் மிடில் (நடு ஒலி) குமிழ் வழக்கமான 650-க்குப் பதில் 500 ஹெர்ட்ஸைச் சுற்றி வேலை செய்வதால் ஒலி தடிக்கிறது. கச்சேரியில் கீபோர்டும் பேஸும் சேர்ந்தால் குழம்பும். அங்கே கெயினை (கரகரப்பின் அளவை) குறைத்து மிடிலை ஏற்றுங்கள்.

ஊர்த் திருவிழாவில் ஜெனரேட்டர் கரண்ட் என்றால் கவனம். வோல்ட் இறங்கினால் ஒலி தொய்யும், எகிறினால் ஃபியூஸ் போகும், வால்வின் ஆயுளும் குறையும். ஸ்டெபிலைசர் வழியாகவே போடுங்கள். ஸ்பீக்கர் கேபினெட்டை மாட்டாமல் ஸ்டாண்ட்பை ஸ்விட்சை ஆன் நிலைக்கு மாற்றவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம். கேபினெட்டுக்குக் கிட்டார் கேபிள் ஆகாது, ஸ்பீக்கர் கேபிள்தான். ஆம்பின் ஓம் அளவும் கேபினெட்டின் ஓம் அளவும் பொருந்த வேண்டும்.

பவர் வால்வு மாற்றும்போது நாலு இஎல்34 வால்வுகளையும் பொருத்தம் பார்த்த செட்டாக மாற்றி, பயாஸ் (வால்வில் ஓடும் மின்னோட்ட அளவு) சரிசெய்யச் சொல்லுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம்தானே, வால்வு வேலை தெரிந்த டெக்னீஷியனிடமே கொடுங்கள். வீட்டில் வாசிக்க மட்டும் என்றால் இவ்வளவு வாட் வேண்டாம்.