ரேம் கூட்டிய பழைய கணினி: ஐந்து ஆண்டு அனுபவம்

பட்டர்வொர்த்தில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, என்கிட்டயும் 2012ல வாங்கின கம்ப்யூட்டர்தான் இருக்கு. உங்கள மாதிரி ரேம் கூட்டிப் போடலாமா?"

2020 ஜூலையில், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, பினாங்கு கொம்தார் பக்கம் போய் 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) ஒன்றை 40 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பழையதுதான். ஏற்கெனவே இருந்த 4 ஜிபியோடு சேர்த்து எட்டாக்கினேன். எல்லாம் மகளின் இணைய வகுப்புக்காக. அதுவரை கூகுள் மீட்டோடு பாடநூல் பிடிஎஃப்பையும் திறந்தால் போதும், ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்கிவிடும். ரேமில் இடம் இல்லாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும் சத்தம் அது. ஆசிரியர் பெயர் கூப்பிடுவார், பிள்ளையின் படம் அசையாமல் நிற்கும். ரேம் போட்ட அன்றே அந்தச் சத்தம் அடங்கியது. 40 ரிங்கிட்டில் அவ்வளவு பெரிய நிம்மதி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அந்த பீப்! இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலையில் சுவிட்சை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கும். ரேம் சரியாகப் பொருந்தவில்லை என்று பீப், பீப் எனக் கத்தும். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, ரேமை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை மகளின் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்துவேன். உடனே சரியாகிவிடும். வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதும் இதைச் செய்திருக்கிறேன். வீடு ஜெலுத்தோங்கில். உப்புக்காற்று, ஈரம், அதுதான் காரணம் என்று நானும் நம்பினேன்.

மூன்று வாரத்துக்கு முன் பவர் சப்ளை மாற்ற வந்த பையன் டார்ச் அடித்துப் பார்த்தார். மதர்போர்டுக்கு (ரேம் முதலியவை பொருந்தியிருக்கும் தாய்ப்பலகை) போகும் தடித்த 24 முனை மின்கம்பிக் கட்டு, வெளிப்பக்க ரேம் மேல் சாய்ந்து அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. கட்டை இழுத்து கேஸின் கம்பியோடு கட்டினார். ஒரு சென் கூட இதற்குத் தனியாக வாங்கவில்லை. அப்புறம் பீப் வரவில்லை. ஐந்து ஆண்டுக் காலைகள் வீணாய்ப் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அன்று கடையில் ரேமை மாட்டிக் கொடுத்தவர் கண்ணெதிரேதானே அந்தக் கட்டு இருந்தது?

சரி, தம்பி, என் பதில்: வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்துப் பிராசசரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. பணத்தைச் சேர்த்து வைத்து வேறு வாங்குங்கள். மீறிப் போடுவதென்றால் முதலில் உங்கள் விண்டோஸ் 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. மூடியை மூடுவதற்கு முன் அந்தக் கம்பிக் கட்டை ஒரு தடவை விரலால் தள்ளிப் பாருங்கள்.