அழகியமண்டபத்துக்கும் வடசேரிக்கும் இடையே: ஊரில் ஒரு புகார் எழுதிய அனுபவம்

குவைத்தில் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பு. இந்த முறை அதில் ஆறு நாட்கள் ஒரு புகார் மனுவோடு கழிந்தன. விடுப்பில் ஊருக்கு வரும் எவருக்கும் இது நேரலாம் என்பதால், நடந்ததையும் அதனால் நான் தெரிந்துகொண்ட விதிகளையும் எழுதி வைக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு மாலையில் நாகர்கோவில் செல்லும் பேருந்தில் ஏறினேன். சுவாமியார்மடம் தாண்டுவதற்குள் நிற்கவும் இடமில்லாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அழகியமண்டபத்தில் வண்டி நின்றபோது அம்மாவிடம் கைப்பேசியில் பேசிவிட்டுப் பைக்குள் வைத்தேன். நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் இறங்கி, வேறு பேருந்து பிடித்து வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோள்பையின் அடியில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருப்பதைப் பார்த்தோம். கைப்பேசியும், குவைத் அடையாள அட்டையும், பன்னிரண்டாயிரம் ரூபாய் வைத்திருந்த சிறிய பர்ஸும் உள்ளே இல்லை. பழைய பைதானே, தையல் விட்டு எங்கேயோ விழுந்திருக்கும் என்று சொல்லி அம்மா அப்போதே ஊசியும் நூலும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். நான்கு தையல் போட்டதும் விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பதை இங்கே எழுதவில்லை. நான் கொண்டுபோனது மூன்று பக்க மனு. அதில் என் வேலை, விடுப்பு, திரும்ப வேண்டிய தேதி, அட்டை இல்லாமல் நான் படப்போகும் சிரமம் எல்லாம் இருந்தன. பேருந்தைப் பற்றி இருந்தது ஒரே வரி, “வரும் வழியில் என் பொருட்கள் தொலைந்துவிட்டன” என்பது. வரவேற்பில் இருந்தவர் அந்த ஒரு வரியை வைத்துத்தான் பதில் சொன்னார். தொலைந்த ஆவணத்துக்கு இணையத்திலேயே பதிவு செய்து அறிக்கை எடுத்துக்கொள்ளலாம், மேலும் நீங்கள் சொல்லும் வழி எங்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பியது தவறு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் முதல் பாதிக்கு நான் எழுதிய சொல்தான் காரணம்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காணாமல் போன ஆவணங்களுக்கான அறிக்கையை எவரும் வீட்டில் இருந்தபடியே பெறலாம். கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றுக்கு நகல் வாங்க அது பயன்படும். ஆனால் அதன் பேரில் எவரும் எதையும் தேடமாட்டார்கள், விசாரணையும் நடக்காது. நிலையத்தில் மனு கொடுத்தால் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு அடுத்த படி. மனு பெறப்பட்டது என்பதற்கு அது சான்று. புலன்விசாரணை தொடங்குவது முதல் தகவல் அறிக்கையில்தான் (எஃப்.ஐ.ஆர்.). இந்த மூன்றில் எது கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் நம் மனுவில் உள்ள சொற்களே முடிவு செய்கின்றன. “தொலைந்தது” என்று எழுதிவிட்டு எஃப்.ஐ.ஆர். கேட்பது முறையல்ல, திருடப்பட்டதற்கு அடையாளம் இருக்கும்போது “தொலைந்தது” என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் அதற்கு இணங்குவதும் முறையல்ல. தெரிந்தே பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அன்று இரவு தம்பியுடன் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் அதைப் பற்றிய தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். பதிவு செய்த நிலையம் பிறகு அதை உரிய நிலையத்துக்கு அனுப்பும். வாய்மொழியாகச் சொன்னால் நிலையத்தில் எழுதிக்கொண்டு, நமக்குப் படித்துக் காட்டி, கையொப்பம் வாங்க வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைக்கும் நம்மைப் போன்றவர்கள் இந்தக் கடைசி விதியைக் கவனித்தே ஆக வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பயன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 

மூன்றாம் நாள் அதே நிலையத்துக்குப் போனபோது பணியில் இருந்த பெண் ஏட்டு என் மனுவை முழுவதுமாகப் படித்தார். படித்துவிட்டு, “அக்கா, பை எங்க?” என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது, அம்மா தைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். “ஒரு தையல்கூடப் போடாம அப்படியே கொண்டு வாங்க” என்றார். தம்பி ஓடிப்போய் எடுத்து வந்தான். அவர் பையை மேசைமேல் கவிழ்த்து, வெட்டின் ஓரத்தை விரலால் நீவிக் காட்டினார். தையல் விட்டிருந்தால் நூல் இழை இழையாகத் தொங்கியிருக்கும். இங்கே தையலுக்கு அரை விரல் மேலே, தோலும் உள்துணியும் ஒரே கோட்டில் அறுபட்டிருந்தன. பிளேடு போட்டது என்பதில் அதன் பிறகு எவருக்கும் சந்தேகம் இல்லை.

மருத்துவமனையில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சம்பவ அறிக்கை எழுதி வருகிறவள் நான். நோயாளி கட்டிலில் இருந்து விழுந்தால், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமாக, யார் பார்த்தார்கள், நான் என்ன செய்தேன் என்று எழுதுவேனே தவிர, ஏன் விழுந்திருப்பார் என்ற ஊகத்தை எழுதமாட்டேன். என் சொந்தப் பொருள் போனபோது அந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஏட்டு கேட்ட ஒவ்வொரு கேள்வியும் அதை எனக்கு நினைவூட்டியது. கடைசியாகக் கைப்பேசியைப் பார்த்த இடம் எது? அப்போது மணி என்ன? பேருந்துக்குள் நடந்ததா, பேருந்து நிலையத்திலா? இந்தக் கடைசிக் கேள்வியின் அருமை எனக்கு முதலில் புரியவில்லை. குற்றங்களுக்கான தண்டனைகளைச் சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை. பயணிகள் வாகனத்தில் இருந்து பொருளைத் திருடுவது 305ஆம் பிரிவில் தனியாக வருகிறது, அதற்கு ஏழு ஆண்டுகள் வரை. சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் அது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமாகவே கருதப்படுவதில்லை. ஆகவே இடத்தையும் மதிப்பையும் எழுதாத மனு பாதி மனுதான்.

இரண்டாவது மனு ஒரு பக்கத்தில் முடிந்தது. அனுப்புநர் பகுதியில் தந்தை பெயர், வயது, ஊர் முகவரி, எனக்குப் பதிலாகப் பேசக்கூடிய தம்பியின் கைப்பேசி எண். அதன் கீழே, ஏறிய நேரமும் இறங்கிய நேரமும். நடத்துநர் கொடுத்த பயணச்சீட்டில் நேரம் அச்சாகியிருந்ததால் அதை இணைத்தேன். ஒவ்வொரு பொருளின் அடையாளம், எண், மதிப்பு. பக்கத்தில் நின்ற ஒரு பெண்மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. அவர் வெட்டியதை நான் பார்க்கவில்லை என்பதால், நின்றார் என்பதை மட்டும் எழுதினேன். சம்பவத்துக்கு மறுநாள் வந்தும் பதிவாகாமல் திரும்பியதை, தாமதத்துக்கான காரணமாக இரண்டு வரியில் சேர்க்கச் சொன்னார் ஏட்டு. அடித்து எழுதிய இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண், கைப்பேசி வந்த பெட்டியின் பக்கவாட்டில் இருந்தது. இரண்டு சிம் போடும் கருவிக்கு இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் எழுத வேண்டும். மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் கருவியை முடக்கவும் காவல் நிலைய அறிக்கை தேவை. பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த தம்பிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆறாம் நாள் எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது. குவைத்தில் என் அலுவலகம் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான். அட்டை எண் அதில் தெளிவாக இருந்ததால் மறுகேள்வி வரவில்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், தம்பி அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறான். கைப்பேசி இதுவரை கிடைக்கவில்லை.

பையைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். அதன் விவரத்தை எழுதும்போது, வெட்டின் இடது முனையில் கறுப்பு நூலால் நான்கு தையல்கள் உள்ளன, அவை புகார்தாரரின் தாயார் பின்னர் போட்டவை என்று ஏட்டு மறக்காமல் சேர்த்தார். அதைப் படித்துப் பார்த்து, அதன் கீழே நான் கையொப்பமிட்டேன்.